அரை சேர்த்த அறிஞர்

என் அண்ணனுக்கு இருபத்து நான்கு வயதில் முதுகு இறுகத் தொடங்கியது. காலையில் படுக்கையை விட்டு எழவே அரை மணி நேரம் பிடிக்கும். ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்றார் மருத்துவர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றலே உடலைத் தாக்கும் நோய்களின் இனத்தில் சேர்த்து எண்ணப்படுவது அது. இரத்தத்தில் எச்.எல்.ஏ. பி27 என்னும் மரபுக்கூறு இருப்பதாகச் சோதனைத் தாள் கூறிற்று. பரம்பரையாக வருவது என்று கேட்டதும், தன் வழியாகத்தான் வந்ததோ என்று அம்மா கலங்கிவிட்டார்கள். புள்ளியியல் மாணவனான நான் அதற்கு விடை தேடப் போய்த்தான் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்னும் பேரறிஞரை நன்கு அறிய நேர்ந்தது.

1892 நவம்பர் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் பிறந்தவர் ஹால்டேன். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன் சுரங்கக் காற்றை ஆராய்ந்த உடலியல் அறிஞர். சிறுவனான மகனையும் சுரங்கத்துக்கு அழைத்துச் சென்று, நச்சுக்காற்று தேங்கிய இடத்தில் நிற்கவைத்து, ஷேக்ஸ்பியர் நாடகத்து வசனத்தை ஒப்பிக்கச் சொன்னாராம். பையன் பாதியிலேயே கால் தளர்ந்து விழுந்தான். தரையோரக் காற்று நன்றாக இருந்தமையால் பிழைத்தான். இப்படியும் ஒரு தந்தையா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மகன் பின்னாளில் தன் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டதற்கு வித்து அங்கேதான் விழுந்தது.

பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றவை கணிதமும் கிரேக்க, இலத்தீன் இலக்கியமும். அறிவியலில் அவருக்குப் பட்டமே கிடையாது! தங்கை நவோமியோடு வளர்த்த எலிகளைக் கொண்டு மரபணுக்கள் பிணைந்து செல்வதை ஆராய்ந்தார். அக்கட்டுரை 1915இல் வெளிவந்தபோது அவர் போர்க்களத்தில் இருந்தார். கட்டுரையில் பங்குகொண்ட நண்பர் ஸ்பிரன்ட் போரில் மாண்டுபோனார். மெசபடோமியாவில் காயமுற்ற ஹால்டேன் உடல் தேறுவதற்கு அனுப்பப்பட்ட இடம் இந்தியா. அன்று பிடித்த பற்று நாற்பது ஆண்டுகள் விடவில்லை.

பின்னர் கேம்பிரிட்ஜ், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி, நூல்கள், புகழ் எல்லாம் வந்தன. பொதுவுடைமைப் பற்றின் காரணமாக, மரபியலை மறுத்த லைசென்கோவை அவர் நேரே கண்டிக்கத் தயங்கியது மட்டும் எனக்கு இன்றும் உறுத்துகிறது. எலி வளர்த்துக் கற்றவருக்கு உண்மை தெரியாதா?

எங்கள் வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். 1949இல் அவர் ஒரு கருத்தை வெளியிட்டார். மனித இனத்தைச் சலித்தெடுத்த பெரிய சல்லடை தொற்றுநோயே என்பது அது. மத்தியதரைக் கடலோர மக்களிடம் தாலசீமியா என்னும் இரத்த நோயின் மரபணு ஏன் மறையாமல் நிற்கிறது? பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்றால் அது கேடு. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரை மலேரியாவிலிருந்து காப்பாற்றலாம் என்று கருதினார் ஹால்டேன். பிற்கால ஆய்வுகள் அதை உறுதி செய்தன. இதே கண்கொண்டுதான் இன்று எதிர்ப்பாற்றல் பிறழும் நோய்களின் மரபணுக்களையும் பார்க்கிறார்கள். பி27 உடையவரிடம் எய்ட்ஸ் வைரஸ் மெல்லவே முன்னேறுகிறது என்று கண்டிருக்கிறார்கள்.

மற்றொன்று கணக்கு. 1973இல் இலண்டனில் பிரூவர்ட்டன் குழுவினர் அண்ணனுக்கு வந்த இதே நோயுடைய 75 பேரைச் சோதித்தனர்; 72 பேரிடம் பி27 இருந்தது. நோயில்லாத 75 பேரில் மூவரிடம் மட்டுமே இருந்தது. நான்கு கட்டம் போட்டு, 72ஐ 72ஆல் பெருக்கி, மூன்றை மூன்றால் பெருக்கி வகுத்தால் 576 மடங்கு வருகிறது. நோயாளிகள் 75 பேரிடமும் அது இருந்திருந்தால்? ஒரு கட்டத்தில் சுழி விழும். சுழியால் வகுக்க முடியாது. 1955இல் உல்ஃப் வகுத்த இம்முறையை 1956இல் ஹால்டேன் திருத்தினார். ஒவ்வொரு கட்டத்திலும் அரை சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அவ்வளவுதான்! சுழி தொல்லை தீர்ந்தது. சிறு எண்ணிக்கையால் விடை வீங்குவதும் தணிந்தது. நம் கணக்கில் 576 என்பது 429 ஆகிறது. பின்வந்த எச்.எல்.ஏ. ஆய்வுகள் பலவற்றில் இந்த அரை உட்கார்ந்திருக்கிறது.

அம்மாவுக்கு இந்தப் பெருக்கலும் வகுத்தலும் விளங்கவில்லை. மலேரியாக் கதை விளங்கியது. பி27 உடையவருள் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருவதே இல்லை என்றதையும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார்கள்.

சூயஸ் போரில் தம் நாடு நடந்துகொண்டதைக் கண்டித்து, 1957இல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தா வந்தார் ஹால்டேன். மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார். இந்திய உடை உடுத்தார், புலால் துறந்தார், இந்தியக் குடிமகனும் ஆனார். பின்னர் புவனேசுவரத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1964இல் மலக்குடல் புற்றுநோய்க்கு இலண்டனில் அறுவை செய்துகொண்டபோது, படுக்கையிலிருந்தே அந்நோயைக் கேலி செய்து கவிதை எழுதினார். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்தில் காலமானார். அவர் விருப்பப்படி, உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்குக் கொடுக்கப்பட்டது.