பல்கலைக்கழகம் வரும் முன்பே நெல்லையில் ஆய்வு கற்றுக்கொடுத்த நா.வானமாமலை: யார் இவர்?

எம்.எட்., பிஹெச்.டி. மாணவர்கள் பலருக்கு ‘ஆய்வு நெறிமுறை’ என்றாலே தலை சுத்தும். அதே பாடத்தைப் பட்டமோ தேர்வோ இல்லாமல் சொல்லிக்கொடுத்தவர் நா.வானமாமலை.

1917-ல் நாங்குநேரியில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர் வேலையை விட்டு, பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தினார்.

பாட்டும் தரவுதான்

நாட்டுப்பாடல்களைப் படிக்காதவங்க பாட்டு என்று பலர் ஒதுக்கிய காலம் அது. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் எஸ்.எஸ்.போத்தையா போன்றோர் திரட்டிய பாடல்களைத் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ நூலில் தொகுத்தார். சேகரித்தவர் யார், எந்த ஊர் என்பதையும் சேர்த்தே அச்சிட்டார். எங்கே கிடைத்தது என்று தெரியாத தரவை யாரும் சரிபார்க்க முடியாதே!

புதியம்புத்தூர் அருகேதான் பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மு கதைப்பாடலைப் பதிப்பித்தபோதும், பாட்டு சொல்வதையெல்லாம் அப்படியே வரலாறாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. வரலாற்றுச் செய்திகளோடு ஒப்பிட்டார். அதேநேரம், மக்கள் ஏன் அப்படிப் பாடினார்கள் என்றும் கேட்டார்.

கேள்விதான் வகுப்பு

1967-ல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். ஒருவர் கட்டுரை வாசிப்பார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். 1969-ல் ‘ஆராய்ச்சி’ இதழ் வந்தது. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த ஆய்வாளர் ஆ.சிவசுப்பிரமணியன் இவரிடம் பயின்றவர்.

1980-ல் வானமாமலை மறைந்தார். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நெல்லைக்கு வந்தது 1990-ல்தான். அதற்குள் அங்கே ஒரு தலைமுறையே ஆய்வு செய்யக் கத்துக்கிட்டிருந்தது.