கோபாலகிருஷ்ண பாரதியார்

கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை வட்டாரத்தில் வாழ்ந்த தமிழிசைப் பாடலாசிரியரும் பாடகரும் ஆவார். இவரது காலம் பொதுவாக 1810 - 1896 எனக் குறிக்கப்படுகிறது. தாமே பாடல் இயற்றி, தாமே மெட்டமைத்து, தாமே பாடிக் கதை சொன்னவர். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இவரது புகழ்பெற்ற படைப்பு.

வாழ்க்கைக் குறிப்பு

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்தார். தந்தை இராமசுவாமி பாரதி. முடிகொண்டான் என்ற ஊரில் சில காலம் வாழ்ந்ததால் முடிகொண்டான் பாரதி என்றும் அழைக்கப்பட்டார். பின்னர் மாயூரத்தை (இன்றைய மயிலாடுதுறை) அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் தங்கினார். கோவிந்த யதி என்பவரிடம் வேதாந்தமும், இராமதாசு என்பவரிடம் இந்துஸ்தானி இசையும் கற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

இவர் திருவையாறு சென்று தியாகராசரைக் கண்டதாகவும், அங்கே ஆபோகி இராகக் கீர்த்தனை ஒன்றைக் கேட்டபின் அதே இராகத்தில் சபாபதியைப் போற்றும் தமது கீர்த்தனையை இயற்றியதாகவும் கூறப்படுகிறது. தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனைகள் பரவிய காலத்தில் தமிழில் பாடல் இயற்றியவர் என்பதால், இந்நிகழ்ச்சி இசை வரலாற்றில் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது.

1871 அளவில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க வந்த உ. வே. சாமிநாதையர், பாரதியாரிடம் இசையும் பயின்றார். பிள்ளை அதனை விரும்பாததால் அப்பயிற்சி நின்றது. பாரதியாரின் வாழ்க்கை வரலாற்றைப் பிற்காலத்தில் சாமிநாதையரே நூலாக எழுதினார்.

நந்தனார் சரித்திரம்

திருநாளைப்போவார் நாயனாரின் வரலாற்றைக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் பாடினார். குன்றத்தூர் இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில், திருப்பெரும்புதூருக்குக் கிழக்கே உள்ளது. சேக்கிழாரின் நந்தனாருக்கு எஜமானர் எவரும் இல்லை. பிறப்பை எண்ணித் தயங்கியே தில்லைப் பயணத்தை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறார்.

பாரதியார் இதில் பெரிய மாற்றம் செய்தார். அவரது நந்தனார் ஒரு வேதியரிடம் வேலை செய்யும் பண்ணையாள். தில்லைக்குச் செல்ல உத்தரவு கேட்டு அவரிடம் மன்றாடுகிறார். 40 வேலி நிலத்தில் பயிரேற்றி அறுவடையும் முடித்தால் போகலாம் என்கிறார் வேதியர். ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர் ஆகும். சிவபூதங்கள் ஒரே இரவில் அவ்வேலையை முடிக்க, வேதியர் நந்தனாரின் காலில் விழுகிறார். காவிரிப் பாசனப் பகுதியின் பண்ணையடிமை முறையை இவ்வாறு கேட்போர் கண்முன் நிறுத்தியமையே இப்படைப்பின் சிறப்பாகும்.

கீர்த்தனை, கண்ணி, நொண்டிச் சிந்து, இருசொல் அலங்காரம் முதலிய பல வடிவங்கள் இதில் கையாளப்பட்டுள்ளன. பேச்சுவழக்குச் சொற்களும் மிகுதி. இதனால் சிறப்புப்பாயிரம் தர மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் தயங்கினார் என்றும், பாரதியார் பாடக் கேட்டு மனமுருகிய பின்னரே பாயிரம் அளித்தார் என்றும் கூறுவர். காரைக்காலில் அதிகாரியாக இருந்த பிரெஞ்சுக்காரர் சீசே என்பவரின் ஆதரவால் 1860களின் தொடக்கத்தில் நூல் அச்சேறியது.

பிற படைப்புகள்

திருநீலகண்ட நாயனார், இயற்பகை நாயனார், காரைக்கால் அம்மையார் ஆகியோரின் சரித்திரங்களையும் கீர்த்தனைகளாகப் பாடினார். பாடல்களில் கோபாலகிருஷ்ணன், பாலகிருஷ்ணன் என்ற முத்திரைகள் காணப்படுகின்றன.

தாக்கமும் விமர்சனமும்

தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றோரின் கதாகாலட்சேபங்கள் வழியாக நந்தனார் கதை எங்கும் பரவியது. 1935இல் வெளிவந்த திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்தனர். 1942இல் ஜெமினி நிறுவனம் எடுத்த படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்தார்.

வேதியர் மனம் திருந்தினாலும், நந்தனார் தீயில் இறங்கிய பின்னரே கோயிலுக்குள் செல்ல முடிகிறது. சேக்கிழாரிடம் உள்ள இம்முடிவைப் பாரதியார் மாற்றவில்லை. ஒடுக்கப்பட்டவரின் துயரைப் பாடிய படைப்பே அவரைத் தீக்குள் அனுப்புவது பின்வந்தோரால் கேள்விக்கு உள்ளாக்கப்பட்டது. புதுமைப்பித்தன் புதிய நந்தன் என்ற சிறுகதையிலும், இந்திரா பார்த்தசாரதி நந்தன் கதை என்ற நாடகத்திலும் இக்கதையை மறுபார்வைக்கு உட்படுத்தினர். எனினும் பாரதியாரின் பாடல்கள் கருநாடக இசை மேடைகளிலும் நாட்டிய அரங்குகளிலும் தொடர்ந்து இடம்பெறுகின்றன.