வேலிகளை வென்ற வக்கீல்

1866-ம் ஆண்டு மார்ச் மாதம் 6-ந் தேதி. நள்ளிரவு கடந்துவிட்டது. லண்டன் நகரில் இருந்து ஒரு தனி ரெயில் புறப்பட்டது. அதில் சுமார் 120 கூலி ஆட்கள் இருந்தார்கள். கையில் சம்மட்டியும் கடப்பாரையும்!

டிரிங் என்ற நிலையத்தில் ரெயில் நின்றது. ஆட்கள் இறங்கி, இருட்டில் நடந்தார்கள். பெர்க்கம்ஸ்டெட் என்ற ஊரின் பொது மேய்ச்சல் நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பிரவுன்லோ பிரபு என்ற பெரும் பணக்காரர் 400 ஏக்கருக்கு மேல் வளைத்து, இரும்பு வேலி போட்டிருந்தார்.

பொழுது விடிந்தது. வேலியைக் காணோம்! மூன்று மைல் நீளத்துக்கு இருந்த இரும்புக் கம்பிகள் கழற்றப்பட்டு, குவியல் குவியலாகக் கிடந்தன. பிரபுவின் ஆள் ஓடி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஊர் மக்கள் திரண்டு வந்தார்கள். நிலம் மீண்டும் தங்கள் கைக்கு வந்ததன் அடையாளமாக, அங்கே பூத்திருந்த முட்செடியில் ஆளுக்கு ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு போனார்கள்.

ஆட்களை அனுப்பியவர் அகஸ்டஸ் ஸ்மித். அதே ஊரில் நிலம் வைத்திருந்தவர். பிரபு சும்மா இருப்பாரா? ஸ்மித் மீது வழக்கு போட்டார். ஸ்மித்தும் எதிர் வழக்கு போட்டார்.

வேலியைப் பிடுங்குவது ஒரு ராத்திரி வேலைதான். பிடுங்கியது நியாயம் என்று கோர்ட்டில் காட்டுவது அப்படி அல்ல. பல ஆண்டு ஆகும். பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டும். அதற்குப் பொறுமையுள்ள ஒரு வக்கீல் வேண்டும்.

அப்படி வந்து சேர்ந்தவர்தான் ராபர்ட் ஹண்டர்.

மந்தைவெளி மாதிரி

நம் ஊர்களில் மந்தைவெளி உண்டு. மேய்ச்சல் புறம்போக்கு உண்டு. ஏரிக்கரை உண்டு. சேலம் நகருக்குக் குடிதண்ணீர் தருவதற்காக 1911-ல் அமைந்த பனமரத்துப்பட்டி ஏரியைப் போன்ற பெரிய நீர்நிலைகளும் உண்டு. இவை எந்தத் தனி ஆளுக்கும் சொந்தம் அல்ல.

இங்கிலாந்தில் முறை வேறு. அங்கே பொது நிலத்தின் மண், பிரபுவுக்குச் சொந்தம். ஆனால் அந்த மண்ணில் மாடு மேய்க்கவும், விறகு ஒடிக்கவும், புல்கட்டி வெட்டவும் ஊராருக்கு உரிமை உண்டு. மரம் ஒருவருக்கும் அதன் நிழல் ஊருக்கும் சொந்தம் என்பது போன்ற ஏற்பாடு இது.

இதில் ஒரு ஓட்டையும் இருந்தது. ஊராருக்குப் போதுமான மேய்ச்சல் நிலத்தை விட்டுவிட்டு, மிச்சத்தைப் பிரபு அடைத்துக்கொள்ளலாம் என்று 1235-ம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்திருந்தது. போதுமா, போதாதா என்று யார் சொல்வது? வேலி போட்டவர் போதும் என்றார். ஏழைகள் கோர்ட்டுக்குப் போக முடியவில்லை.

ரெயில் பாதை வந்தது. லண்டனைச் சுற்றி நிலத்தின் விலை ஏறியது. மாடு மேய்ந்த இடத்தில் வீடு கட்டினால் கொள்ளை லாபம்! பிரபுக்கள் ஒவ்வொருவராக வேலி போட ஆரம்பித்தார்கள். நெரிசலான தெருக்களில் குடியிருந்த ஏழைகளின் குழந்தைகளுக்கு ஓடி விளையாட இடம் இல்லாமல் போகும் நிலை வந்தது. அதைத் தடுக்க 1865-ல் ஒரு சங்கம் பிறந்தது. பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் என்பது அதன் பெயர். பார்லிமெண்டு உறுப்பினரான ஷா லெபெவர் அதை முன்னின்று நடத்தினார்.

இந்தத் தொல்லை நம் நாட்டுக்கும் புதிது அல்ல. பஞ்சாபில் ஒரு கிராமத்துக் குளத்தைச் சிலர் மண் போட்டு மேடாக்கி, வீடு கட்டினார்கள். அந்த வழக்கில் 2011-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. ஆக்கிரமித்தவர்களை அகற்றி, பொது நிலங்களை ஊருக்கே திருப்பிக் கொடுக்க எல்லா மாநிலங்களும் திட்டம் போட வேண்டும் என்று உத்தரவிட்டது.

கப்பல்காரர் மகன்

ராபர்ட் ஹண்டர் 1844-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி லண்டனில், கேம்பர்வெல் என்ற பகுதியில் பிறந்தார். தந்தை கப்பல் தலைவராக இருந்து, பிறகு கப்பல் சொந்தக்காரர் ஆனவர். மகனுக்குக் கடல் மீது மோகம் இல்லை. குன்றுகளிலும் வயல் வரப்புகளிலும் நெடுந்தூரம் நடப்பதுதான் பிடிக்கும்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தத்துவம் படித்துப் பட்டம் பெற்றார். பிறகு ஒரு வக்கீல் அலுவலகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். பத்திரம் எழுதும் வேலை அவருக்குச் சலிப்பாக இருந்தது.

அப்போது ஒரு கட்டுரைப் போட்டி அறிவிப்பு வந்தது. லண்டன் பக்கத்துப் பொது நிலங்களைக் காப்பது எப்படி என்பது தலைப்பு. ஹென்றி பீக் என்ற வியாபாரி பரிசு கொடுக்க முன்வந்திருந்தார். ஹண்டர் எழுதினார். முதல் பரிசு கிடைக்கவில்லை! ஆனாலும் கட்டுரை நன்றாக இருந்ததால், சிறந்த ஆறு கட்டுரைகளில் ஒன்றாக அச்சேறியது. பொதுநிலச் சங்கத்தார் அவரைக் கவனித்தார்கள். 1868-ல் ஹண்டர் அந்தச் சங்கத்தின் கவுரவ வக்கீல் ஆனார். அப்போது அவருக்கு வயது 24 கூட ஆகவில்லை.

பெர்க்கம்ஸ்டெட் வழக்கு 1870-ல் முடிந்தது. வேலி செல்லாது என்று தீர்ப்பு! பிளம்ஸ்டெட், டூட்டிங் என்று வழக்குகள் அடுத்தடுத்து வந்தன. ஹாம்ஸ்டெட் மேட்டுவெளி பற்றிய நீண்ட தகராறு, 1871-ல் அதை மக்களுக்காக விலைக்கு வாங்கியதில் முடிந்தது.

ஆனால் ஹண்டரின் பெயரை நிலைநாட்டியது எப்பிங் வனம்.

நள்ளிரவில் விறகு

எப்பிங் வனம் லண்டனுக்கு வடகிழக்கே இருக்கிறது. ஒரு காலத்தில் அரசர்கள் மான் வேட்டை ஆடிய காடு. பக்கத்தில் இருந்த ஹைனால்ட் வனத்தின் பெரும்பகுதி, 1851-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வெட்டி அழிக்கப்பட்டுவிட்டது. எப்பிங் வனமும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த வனத்தில் லவுட்டன் என்று ஒரு கிராமம். அங்கே ஏழைகளுக்கு விறகு ஒடிக்கும் உரிமை உண்டு. நவம்பர் 11-ந் தேதி நள்ளிரவில் முதல் கிளையை வெட்டித் தொடங்க வேண்டும். தொடங்கத் தவறினால் உரிமையே போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை.

ஊரில் ஒரு கதை சொல்வார்கள். அந்த நாளில் நிலத்துப் பிரபு ஊர்க்காரர்களுக்கு ஒரு விருந்து வைத்தாராம். மது தாராளமாக ஓடியதாம். எல்லாரும் மயங்கிக் கிடந்தால் உரிமை போய்விடும் அல்லவா? தாமஸ் வில்லிங்கேல் என்ற விறகு வெட்டி மட்டும் இந்தச் சூழ்ச்சியைப் புரிந்துகொண்டார். நழுவிப் போய், நள்ளிரவில் ஒரு கிளையை வெட்டிக்கொண்டு வந்து விருந்துக் கூடத்திலேயே காட்டினாராம்!

கதை எப்படியோ, பின்னால் நடந்தது உண்மை. பிரபு காட்டை அடைத்தார். வில்லிங்கேல் குடும்பத்தார் வழக்கம்போல் விறகு ஒடித்தார்கள். 1866-ல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மூவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. கிழவர் அசையவில்லை. சங்கத்தின் உதவியோடு பிரபு மீது வழக்கு போட்டார். வழக்கைக் கைவிடும்படி பண ஆசை காட்டினார்கள், மறுத்துவிட்டார். ஆனால் 1870-ல் அவர் இறந்துபோனார். வழக்கும் அவரோடு முடிந்தது.

இடுகாடு காட்டிய வழி

பணமும் பலமும் உள்ள ஒரு வாதி வேண்டும். காட்டில் உரிமையும் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் யார்?

லண்டன் மாநகராட்சி! அந்த மாநகராட்சி இடுகாடு அமைப்பதற்காக அந்த வனத்தை ஒட்டி நிலம் வாங்கியிருந்தது. நிலம் இருந்தால் மேய்ச்சல் உரிமையும் உண்டு. ஆகவே, பணக்கார மாநகராட்சியும் மாடு மேய்க்கும் ஊர்க்காரராகக் கோர்ட்டில் நிற்கலாம்!

1871-ல் வழக்கு தொடங்கியது. ஹண்டர் மூட்டை மூட்டையாகப் பழைய ஆவணங்களைத் தேடிப் படித்தார். அவற்றில் இருந்து முக்கியமான ஒரு செய்தியை நிரூபித்தார். வனத்தில் பல பிரபுக்களின் எல்லைகள் இருந்தன. ஆனால் மாடுகளுக்கு எல்லை இல்லை. ஒரு கிராமத்து மாடு வனம் முழுவதும் மேயலாம் என்பது பழைய வழக்கம். அப்படியானால், எங்கே வேலி போட்டாலும் அது எல்லாருடைய உரிமையையும் தடுக்கிறது. பிரபுக்கள் அனைவர் மீதும் ஒரே வழக்கு போட இது வழி செய்தது. ஒவ்வொரு பிரபுவோடும் தனித்தனியாக மல்லுக்கட்டியிருந்தால், வழக்குகள் முடிவதற்குள் காடு காலியாகியிருக்கும்.

1874-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி நீதிபதி ஜார்ஜ் ஜெசல் தீர்ப்பு சொன்னார். வழக்குக்கு முந்தைய 20 ஆண்டுகளில் போட்ட வேலிகள் எல்லாம் சட்ட விரோதம்! சுமார் 6,000 ஏக்கர் வனத்தில் பாதி அடைபட்டுக் கிடந்தது. 1878-ல் தனிச் சட்டம் வந்து, வனம் மாநகராட்சியின் பொறுப்பில் மக்களுக்கு உரியதாயிற்று. 1882 மே 6-ந் தேதி விக்டோரியா ராணியே நேரில் வந்து, வனத்தை மக்களுக்கு உரிமையாக்கினார்.

விறகு வெட்டும் உரிமை மட்டும் நிலைக்கவில்லை. மரங்களைக் காக்க அது நிறுத்தப்பட்டு, அதற்காக நஷ்ட ஈடு தரப்பட்டது. அந்தப் பணத்தில் லவுட்டனில் ஊர் மக்களுக்கு ஒரு மண்டபம் கட்டினார்கள். விறகு வெட்டும் உரிமையின் பெயரே மண்டபத்துக்கும் பெயர். எந்த உரிமைக்காக வில்லிங்கேல் குடும்பம் சிறை சென்றதோ, அது போய்த்தான் வனம் பிழைத்தது. இது கொஞ்சம் கசப்பான செய்திதான்.

கண் தெரியாத மந்திரி

பொதுநிலச் சங்கத்தின் தூண்களில் ஒருவர் ஹென்றி பாசெட். 25-வது வயதில், தந்தையின் துப்பாக்கியில் இருந்து தவறி வந்த குண்டுகள் பட்டு இரு கண்களையும் இழந்தவர். அப்படியும் பேராசிரியர் ஆனார், பார்லிமெண்டுக்குப் போனார். இந்தியாவின் வரவு செலவு பற்றி அங்கே ஓயாமல் கேள்வி கேட்டார். 1874-ல் அவர் தேர்தலில் தோற்றபோது, மறு தேர்தல் செலவுக்கு நம் நாட்டு மக்கள் நிதி திரட்டி அனுப்பினார்கள்!

பாசெட் பிறகு தபால் மந்திரி ஆனார். 1882-ல் ஹண்டர் தபால் இலாகாவின் தலைமை வக்கீல் ஆனதற்கு அவருடைய ஆதரவே காரணம். அந்த உத்தியோகத்தில் ஹண்டர் 31 ஆண்டுகள் இருந்தார். மறு ஆண்டு சர்ரே மாவட்டத்தில் ஹேசில்மியர் என்ற ஊரில் குடியேறினார். மனைவியும் மூன்று பெண்களும் உடன் இருந்தார்கள்.

பென்சில் எழுத்து

ஏழைகளுக்கு நல்ல வீடு அமைத்துக் கொடுத்து வந்தவர் அக்டேவியா ஹில் என்ற அம்மையார். 1875-ல் லண்டனில் ஒரு வயல்வெளியைக் காப்பாற்றப் பெருந்தொகை திரட்டினார். ஹண்டர் ஆலோசனை சொன்னார். நிலம் கைநழுவிப் போனது. வயலில் வீடுகள் முளைத்தன.

சில ஆண்டுகள் கழித்து, டெப்ட்போர்டு என்ற இடத்தில் ஒருவர் தம் தோட்டத்தை மக்களுக்குத் தானம் செய்ய முன்வந்தார். வாங்கிக்கொள்ளச் சட்டப்படி ஒரு அமைப்பு இல்லை! கோவிலுக்கு நிலம் எழுதி வைக்கலாம்; ஊருக்கு எழுதி வைக்க வழி இல்லை என்ற கதைதான்.

நிலத்தை என்றென்றும் வைத்துக் காக்க ஒரு கம்பெனி வேண்டும் என்று ஹண்டர் 1884-ல் பர்மிங்காம் மாநாட்டில் எடுத்துச் சொன்னார். அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அம்மையார் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின் மேலேயே ஹண்டர், தேசிய அறக்கட்டளை என்று பொருள்படும் இரண்டு சொற்களைப் பென்சிலால் குறித்து, ஒரு கேள்விக்குறியும் போட்டார்.

கேள்விக்குறி நீங்கப் பத்து ஆண்டு பிடித்தது. ஏரி மாவட்டத்துப் பாதிரியார் ரான்ஸ்லி என்பவரும் சேர்ந்தார். 1895 ஜனவரி 12-ந் தேதி அறக்கட்டளை பதிவாயிற்று. முதல் சொத்து, வேல்ஸ் கடற்கரையில் ஒரு அம்மையார் கொடுத்த சுமார் 5 ஏக்கர் குன்றுச் சரிவு. அடுத்த ஆண்டு, இடியும் நிலையில் இருந்த பழைய பாதிரியார் வீடு ஒன்றைப் பத்தே பவுனுக்கு வாங்கினார்கள்.

நிர்வாகக் குழுத் தலைவர் ஹண்டர். 1907-ல் அவர் எழுதிக் கொடுத்த சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது. அதில் ஒரு பூட்டுப் போட்டார். அறக்கட்டளை தன் நிலத்தை மாற்ற முடியாத சொத்து என்று அறிவித்துவிட்டால், பிறகு அதை யாருக்கும் விற்க முடியாது. பின்னால் வரும் நிர்வாகிகளே ஆசைப்பட்டாலும் முடியாது! இன்று அந்த அறக்கட்டளைக்கு 50 லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

ஹண்டருக்கு 1894-ல் சர் பட்டம் கிடைத்தது. 1913 ஜூலையில் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றார். அந்த ஓய்வை அனுபவிக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. நவம்பர் 6-ந் தேதி ஹேசில்மியர் வீட்டில் காலமானார். வயது 69.

அந்த ஊருக்குப் பக்கத்தில், மரங்களுக்கு நடுவே வரிசையாகச் சில குளங்கள் இருக்கின்றன. 1919-ல் அவற்றை விலைக்கு வாங்கி, ஹண்டர் நினைவாக அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். அந்தக் குளக்கரையில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். கட்டணம் இல்லை.