சிறைச்சாப்பாட்டுக் கணக்கை வைத்து பிரிட்டிஷ் அரசை மடக்கியவர்: தாதாபாய் நௌரோஜி வாதம் செய்த விதம்

ஸ்லைடில் பெரிய எழுத்தில் ஒரு எண்ணைப் போட்டுவிட்டால் எதிரே இருப்பவர் தலையாட்டிவிடுவாரா? மாட்டார். இந்த எண் எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்பார். அந்தக் கேள்விக்கான பதிலைக் கையில் வைத்துக்கொண்டே பேச எழுந்தவர் தாதாபாய் நௌரோஜி.

1825-ல் பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தார். 1855-ல் காமா நிறுவனத்தின் பங்குதாரராக லண்டன் போனார். வியாபாரம் பார்க்கப் போனவர், அங்கே இந்தியாவின் வரவு செலவையே தோண்ட ஆரம்பித்துவிட்டார்.

ரயில் வந்துவிட்டது, வர்த்தகம் பெருகிவிட்டது, அதனால் இந்தியா செழிக்கிறது என்பது அப்போதைய அதிகாரிகளின் பேச்சு. நௌரோஜி இதற்கு உணர்ச்சிவசப்பட்டு பதில் சொல்லவில்லை. அரசு வெளியிட்ட மாகாண அறிக்கைகளையே எடுத்து உட்கார்ந்தார். அதில் ஒரு ஓட்டை கிடைத்தது. பெரிய மாவட்டம், சின்ன மாவட்டம் என்று பார்க்காமல் எல்லாவற்றின் விளைச்சலையும் கூட்டி, மாவட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்து 'சராசரி' எழுதியிருந்தார்கள். உதாரணத்துக்கு, 10 லட்சம் ஏக்கரில் ஏக்கருக்கு 5 மூட்டை, இன்னொரு இடத்தில் வெறும் 10 ஆயிரம் ஏக்கரில் 15 மூட்டை என்று வையுங்கள். அறிக்கை முறைப்படி சராசரி 10. உண்மையில் அது 5-ஐச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கணக்கு வாத்தியாரிடம் இது எடுபடுமா?

தானே திருத்திக் கணக்கிட்டதில், 1867-70 காலத்தில் ஓர் இந்தியருக்கு ஆண்டுக்குக் கிடைப்பது சராசரியாக 20 ரூபாய் என்று வந்தது. 1876-ல் இந்தியாவின் வறுமை பற்றி வாசித்த கட்டுரையில் இதை முன்வைத்தார்.

ஆனால் 20 ரூபாய் அதிகமா, குறைவா? லண்டனில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? நௌரோஜியின் கெட்டிக்காரத்தனமே இங்கேதான் இருக்கிறது என்பேன். அடுத்து அவர் எடுத்தது சிறை அறிக்கைகளை. ஒரு கைதியின் சாப்பாட்டுக்கும் துணிக்கும் அரசு செலவழிப்பதே ஆண்டுக்கு 20 ரூபாயைத் தாண்டியது. சிறைக்கு வெளியே உழைக்கும் மனிதனுக்குக் கைதிக்குக் கிடைப்பதுகூட இல்லை. இரண்டு எண்ணும் அரசு ஆவணங்களிலிருந்து பிறந்தவை. மறுக்க வேண்டுமானால் அரசு தன் அறிக்கையைத்தான் மறுக்க வேண்டும்.

மறுக்கவும் செய்தார்கள். இந்தியா அலுவலக அதிகாரி டான்வர்ஸ், ரயிலும் வர்த்தகமும் கூட்டும் மதிப்பை நௌரோஜி சேர்க்கவில்லை என்றார். பஞ்சாப் கோதுமை பம்பாய்க்கு ரயிலில் வந்தால் விலை ஏறும். கோதுமை ஒரு மணிகூடக் கூடாது என்பது 1880-ல் நௌரோஜி தந்த பதிலின் சாரம். கேட்க கச்சிதமாக இருக்கிறது. ஆனாலும் சேவைகளை விட்டது குறைதான் என்று பின்னாள் பொருளாதார அறிஞர்கள் சொன்னார்கள். அது நியாயமான விமர்சனமே. சிறைக்கணக்கு அளவுக்கு இந்த வாதம் உறுதியானதல்ல.

பிரிட்டிஷாரின் நீதியுணர்வையும் அவர் விடவில்லை. 1833 சட்டமும் 1858 விக்டோரியா பிரகடனமும் இந்தியர்களுக்குச் சமவாய்ப்பு தருவதாகச் சொன்னதை மேடைக்கு மேடை நினைவூட்டினார். நீங்கள் தந்த வாக்கைத்தானே கேட்கிறேன் என்ற தொனி.

ஒரு கறுப்பரை ஆங்கிலேய வாக்காளர்கள் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்று 1888-ல் பிரதமர் சாலிஸ்பரி பேசினார். 1892-ல் லண்டனின் சென்ட்ரல் ஃபின்ஸ்பரி தொகுதியில் விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்குகளில் நௌரோஜி ஜெயித்தார். அடுத்த ஆண்டே, ஐசிஎஸ் தேர்வை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்ற தீர்மானம் காமன்ஸ் சபையில் நிறைவேறியது. வாதம் வென்றது. அரசோ அதை அமல்படுத்தவே இல்லை.

தரவு சரி, தர்க்கம் சரி, ஓட்டெடுப்பும் சரி. இதற்குப் பிறகு ஒருவர் என்னதான் செய்வார்? 1901-ல் தன் எழுத்துகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். அதன் தலைப்பிலேயே இந்திய ஆட்சியை பிரிட்டிஷ் தன்மையற்ற ஆட்சி என்று குத்திக்காட்டினார். 1906 கல்கத்தா காங்கிரஸுக்குத் தலைமை தாங்கியபோது வயது 81. சலுகை கேட்பதைத் தாண்டி, சுயராஜ்யம் என்ற சொல்லை அந்தத் தலைமையுரையில் வைத்தார். நீண்ட உரையை வாசிக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. அவருக்காக எழுந்து நின்று அதை வாசித்தவர் கோகலே.