கொச்சியில் ஒரு யூத காந்தி

கடவுள் ஒருவர். வேதம் ஒன்று. தொழும் இடமும் ஒன்று. ஆனால், உட்காரும் இடம் மட்டும் வேறு!

கொச்சி மட்டாஞ்சேரியில், ராஜாவின் அரண்மனைக்குப் பக்கத்தில் யூதர்களின் ஜெப ஆலயம் ஒன்று இருக்கிறது. வெளிநாடுகளில் இருந்து வந்து குடியேறிய வெள்ளை யூதர்கள் 1568-ம் ஆண்டில் அதைக் கட்டினார்கள்.

அங்கே இன்னொரு பிரிவினரும் தொழுது வந்தார்கள். ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததியார் அவர்கள். அடிமைத்தனம் போயிற்று; இழிவு போகவில்லை. ஆலயத்தில் அவர்கள் தரையிலோ, படியிலோதான் உட்காரவேண்டும். வேதம் வாசிக்க அவர்களை அழைப்பது இல்லை. வெள்ளைக் குடும்பங்களுடன் கொள்வினை, கொடுப்பினையும் கிடையாது.

அந்தப் பிரிவில் 1882-ம் ஆண்டு பிறந்தவர், ஏ.பி.சலேம்.

சென்னையில் படிப்பு

ஆபிரகாம் பராக் சலேம் என்பது அவருடைய முழுப்பெயர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்தார். பிறகு சென்னைக்கு வந்து சட்டம் படித்துத் தேறினார். அவர் பிரிவில் முதல் பட்டதாரி அவரே.

ஊர் திரும்பிய சலேம், எர்ணாகுளத்தில் வக்கீல் தொழில் நடத்தினார். கோர்ட்டில் அவருக்கு நாற்காலி உண்டு. ஜெப ஆலயத்திலோ பெஞ்சில் இடம் இல்லை!

அறப்போர்

சலேம் கல்லை எடுக்கவில்லை. காந்தி அடிகளின் வழியை எடுத்தார். ஆலயத்துக்குப் போகாமல் சிலகாலம் ஒதுங்கி நின்றார். சத்தியாக்கிரகம் செய்தார். மக்கள் அவரை யூத காந்தி என்று அழைத்தார்கள்.

மனம் மாற ஆண்டுகள் பல ஆயின. 1930-களின் நடுவில் பழைய தடைகள் பல தளர்ந்தன.

தம் பிரிவுக்காக மட்டும் அவர் உழைக்கவில்லை. தொழிலாளர் சங்கங்களுக்குத் துணை நின்றார். கொச்சி சட்டசபையில் 1925 முதல் 1931 வரையிலும், 1939 முதல் 1945 வரையிலும் அங்கம் வகித்தார். 1929-ல், பூரண சுதந்திரமே லட்சியம் என்று தீர்மானித்த லாகூர் காங்கிரசுக்கும் போனார்.

மகனின் கல்யாணம்

1950-ல் சலேமின் மகன் ஒரு வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். கொச்சி ஆலயத்துப் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. கல்யாணம் பம்பாயில் நடந்தது. பெஞ்சில் இடம் கொடுத்தவர்களுக்குக் குடும்பத்தில் இடம் கொடுக்க மனம் வரவில்லை!

இதற்குள் யூதர்களுக்கு இஸ்ரேல் என்ற தனி நாடு பிறந்திருந்தது. கொச்சி யூதர்கள் எல்லாரும் அங்கே போய் வாழவேண்டும் என்று சலேம் விரும்பினார். அவர்களுக்காகப் பேச 1953-ல் இஸ்ரேலுக்கே சென்றார். அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். ஆனால், வழி அனுப்பிய சலேம் மட்டும் பிறந்த ஊரை விட்டுப் போகவில்லை. 1967-ல் கொச்சியிலேயே காலமானார்.

இன்று மட்டாஞ்சேரியில் எஞ்சியிருக்கும் யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆலயத்தின் சீன ஓடு பதித்த தரையைக் காண எத்தனையோ நாட்டார் வருகிறார்கள். யார், எந்தப் பிரிவு என்று வாசலில் கேட்பார் இல்லை. அன்று இடம் இல்லை என்று மறுத்த பெஞ்சுகளில், இன்று உட்கார்ந்து தொழத்தான் ஆள் இல்லை!