பள்ளியை விட்டவர் தொடங்கிய கல்லூரி

கல்வியாண்டின் தொடக்கத்தில் வருகைப் பதிவேட்டில் எழுதப்பெறும் பெயர்களுள் சில, ஆண்டு முடிவதற்குள் சிவப்பு மையால் அடிக்கப்பெறுகின்றன. தொழிற்கல்வி பயில வந்தவர்களிடையேயும் இந்நிலை உண்டு. அவ்வாறு நின்றுவிட்ட மாணவனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று ஊரார் எளிதாகக் கூறிவிடுவர். மாணவன் கல்விக்குப் பொருந்தவில்லையா, கல்வி மாணவனுக்குப் பொருந்தவில்லையா என்பதை எவரும் நின்று கேட்பதில்லை. இவ்வினாவைத் தம் வாழ்நாளின் நடுப்பகுதியில் உரத்துக் கேட்டவர், கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு. கேட்பதற்கு அவருக்கு உரிமையும் இருந்தது. அவரே பள்ளியைப் பாதியில் விட்டவர்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு, 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். திண்ணையில் அமர்ந்து ஒப்புவிக்கும் அக்காலக் கல்விமுறை அவருக்கு ஒத்துவரவில்லை. ஆசிரியரின் முகத்தில் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடினார் என்றொரு செய்தி இன்றளவும் வழங்கி வருகிறது. மூன்றாம் வகுப்போடு அவருடைய பள்ளிப்படிப்பு முடிந்தது. அதன்பின் தந்தையாரின் தோட்டமே அவர் பொழுது கழித்த இடமாயிற்று.

அவருடைய வாழ்வைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் வண்டியைக் கண்ட இளைஞர், மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் அவ்வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியத் துடித்தார். அதனை வாங்கும் வசதி அவரிடம் இல்லை. ஊரைவிட்டுக் கோவைக்கு வந்து, உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் பணியில் அமர்ந்தார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, சில நூறு ரூபாய் திரண்டதும் அவ்வண்டியை வாங்கினார். வாங்கியவுடன் அதில் ஏறி ஊர்வலம் வரவில்லை. பகுதி பகுதியாகக் கழற்றிப்போட்டு, மீண்டும் பூட்டினார். அதுவே அவர் தமக்குத்தாமே நடத்திக்கொண்ட முதற்பாடம்.

இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். வகுப்பறையில் ஒரு நாழிகை அமர முடியாத சிறுவர், எச்சில் இலை நடுவே நெடுங்காலம் பொறுமையுடன் உழைத்தார். சோம்பலும் அறிவுக்குறைவும் அவரிடம் இருந்திருப்பின் இது நடந்திராது. உழைப்பின் முடிவில் என்ன கிடைக்கும் என்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பள்ளியில் அது தெரியவில்லை. இயந்திரம் பயில விரும்பிச் சேர்ந்து, மாதக்கணக்கில் கடைசல் பொறியைத் தொடாமல் குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கும் மாணவன், ஒருநாள் வராமற்போவதற்கும் இதுவே காரணமாகலாம்.

நாயுடு பஞ்சு வணிகத்தில் இறங்கி, பம்பாயில் பெரும்பொருளை இழந்தார். பின்னர்க் கோவையின் தொழிலதிபர் இராபர்ட் ஸ்டேன்சின் உதவியால் ஒரு பேருந்தைப் பெற்று, 1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றைப் பேருந்து, இருநூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகளைக் கொண்ட நிறுவனமாக வளர்ந்தது. வெளிநாடுகளுக்குச் சென்று தொழிற்கூடங்களைக் கண்டார். மின்சாரச் சவரக் கருவி, மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி என அவர் உருவாக்கியவை பல. 1937இல் டி. பாலசுந்தரத்துடன் இணைந்து, இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று போற்றப்படும் பொறியைக் கோவையில் செய்து முடித்தார். கிணற்றுப் பாசனத்தை நம்பிய கொங்கு மண்ணில் மின்மோட்டாரின் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. இவற்றையெல்லாம் விரித்துரைக்கும் நூல்கள் பல உள்ளமையால், நாம் அவருடைய கல்விப் பணிக்குச் செல்வோம்.

பட்டறைகள் பெருகப் பெருக, பயிற்சி பெற்ற கைகளின் தேவையும் பெருகிற்று. தாம் தட்டுத்தடுமாறிக் கற்றதைப் பிறர் முறையாகக் கற்க ஓர் இடம் வேண்டும் என்று நாயுடு விழைந்தார். அவருடைய முயற்சியாலும் பொருளுதவியாலும் 1945ஆம் ஆண்டு கோவையில் பல்தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பெற்றது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நாயுடுவே கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்றார்.

ஆயினும் அப்பொறுப்பில் அவர் நெடுநாள் நீடிக்கவில்லை. பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் என்பது வீண்காலம் என்றும், அதே பயிற்சியை ஈராண்டுகளில் அளித்துவிடலாம் என்றும் அவர் வாதிட்டார். ஆங்கிலேய அரசு அதனை ஏற்கவில்லை. தாம் அரும்பாடுபட்டு உருவாக்கிய கல்லூரியின் முதல்வர் பதவியை அவர் துறந்தார்.

அரசின் பக்கம் நியாயமே இல்லை என்று கூறிவிட முடியாது. பாலமும் அணையும் கட்டுவோருக்குக் கணிதமும் இயற்பியலும் ஆழமாக வேண்டும். அவை அவசரத்தில் வாரா. தம்மைப் போன்றே எல்லாரும் விரைந்து கற்பர் என்று நாயுடு எண்ணியது மிகையென்றே தோன்றுகிறது. எனினும் அவர் தொட்ட இடம் நோவுள்ள இடம். எளிய குடும்பத்தில் பதினாறு வயது மகனோ மகளோ மேலும் ஓராண்டு படிப்பது என்பது, அக்குடும்பம் ஓராண்டுக் கூலியை இழப்பதாகும். கட்டணமில்லாக் கல்வியிலும் இந்த விலை மறைந்திருக்கிறது. தந்தை நோயுற்றாலோ, மழை பொய்த்தாலோ, முதலில் நிற்பது படிப்புத்தான். படிப்பின் நீளம், அதற்கு ஆகும் செலவு, கற்பதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளி ஆகியன ஒன்றுசேரும்போது நல்ல மாணவனும் நின்றுவிடுகிறான்.

இன்றைய முறையில் அந்த நோவுக்கு மருந்து சிறிது உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓராண்டு, ஈராண்டுப் பிரிவுகள் உள்ளன. எட்டாம் வகுப்புத் தேறியோர் சேரத்தக்க பிரிவுகளும் உண்டு. அங்கு ஈராண்டுப் பயிற்சியை முடித்தவர் பல்தொழில்நுட்பக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்; பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நுழையலாம். வேலைக்குச் சென்றவரும் திரும்பி வருவதற்குக் கதவு திறந்திருக்கிறது. ஆனால், அப்படி ஒரு கதவு இருப்பதையே அறியாமல் நின்றுவிடுவோர் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றனர்.

நாயுடுவின் வரலாற்றைக் கேட்கும் மாணவர் சிலர், பள்ளியை விட்டாலும் உயரலாம் என்று மகிழ்வதுண்டு. அவரோடு அதே திண்ணையில் அமர்ந்து, அவரைப் போலவே எழுந்து போனவர்கள் எத்தனை பேரோ! அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. நாயுடுவும் தம்மைப் பின்பற்றிப் பள்ளியை விடுங்கள் என்று எவருக்கும் வழிகாட்டவில்லை. தம் பொருளைக் கொண்டு பயிலகம் அமைத்தார்.

1952இல் ஈராயிரம் ரூபாய் விலையில் இருவர் அமரும் சிற்றுந்து ஒன்றை அவர் வடிவமைத்தார். பெருமளவில் உருவாக்க அரசின் இசைவு கிட்டவில்லை. பருத்தி, பப்பாளி முதலிய பயிர்களிலும் ஆய்வு செய்தார். 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் மறைந்தார். அவர் திரட்டிய கருவிகளும் படைப்புகளும் கோவை அவிநாசி சாலையில் உள்ள காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டுள்ளன. அவர் பதவி துறந்த கல்லூரி, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயருடன் தடாகம் சாலையில் இயங்கி வருகிறது. அங்குப் பொறியியல் பட்டப்படிப்பு இன்றும் நான்கு ஆண்டுகளே.