காருகுறிச்சி அருணாசலம்: 'சிங்கார வேலனே' நாதஸ்வரத்துக்குச் சொந்தக்காரர் யார் தெரியுமா?

கல்யாண வீடோ, கோயில் திருவிழாவோ... ஸ்பீக்கரில் 'சிங்கார வேலனே தேவா' ஒலிக்காத ஊர் தமிழ்நாட்டில் குறைவு. எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போடும் அந்த நாதஸ்வரம் யாருடையது? திரையில் வாசிப்பது ஜெமினி கணேசன். நிஜத்தில் வாசித்தவர், தாமிரபரணிக் கரைக்காரரான காருகுறிச்சி அருணாசலம்.

எந்த ஊர்?

திருநெல்வேலியிலிருந்து ரயிலில் அம்பாசமுத்திரம் போகும் வழியில், சேரன்மகாதேவியைத் தாண்டினால் வருவது காருகுறிச்சி. மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். 1921-ல் இங்கே பிறந்தார் அருணாசலம். தந்தை பெயர் பலவேசம்.

அந்தக் காலத்தில் நாதஸ்வரம் என்றாலே தஞ்சாவூர்தான். பெரிய வித்வான்கள் எல்லாம் காவிரிக்கரைக்காரர்கள். நெல்லைப் பக்கத்துப் பையன் ஒருவன் அந்த வரிசையில் இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

திருப்புமுனை என்ன?

நாதஸ்வரச் சக்கரவர்த்தி எனக் கொண்டாடப்பட்ட திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை, அருணாசலத்தைச் சீடராக ஏற்றுக்கொண்டார். குருவின் பக்கத்தில் நின்று இரண்டாவது நாதஸ்வரம் வாசிப்பதுதான் பாடமே. குரு ஒரு ராகத்தை எங்கே கொண்டுபோகிறார் என்று நொடிக்கு நொடி கவனித்து, பின்தொடர வேண்டும். ராஜரத்தினம் பிள்ளை 1956-ல் மறைந்தபோது, அந்தப் பாணியைத் தொடர்ந்தவர்களில் முக்கியமானவர் அருணாசலம்.

பிற்காலத்தில் அவர் குடியேறியது கோவில்பட்டியில். கரிசல் மண் எழுத்தாளர் கி.ராஜநாராயணன் அவருடைய நெருங்கிய நண்பர்.

சினிமா என்ன செய்தது?

1962-ல் வெளியானது 'கொஞ்சும் சலங்கை'. இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு, பாடல் கு.மா.பாலசுப்பிரமணியம், ராகம் ஆபேரி. நாதஸ்வரம் திறந்தவெளிக்கான வாத்தியம். தெருவுக்கே கேட்கும். அதன் வேகத்துக்கும் கமகத்துக்கும் ஒரு பெண் குரல் ஈடுகொடுத்ததுதான் இந்தப் பாட்டின் அதிசயம். கச்சேரிக்கே போகாதவர்கள் வீட்டிலும் ரேடியோ வழியாக நாதஸ்வரம் நுழைந்தது.

ஆனால் இதில் ஒரு நஷ்டமும் இருக்கு. மணிக்கணக்கில் ராகம் விரித்து வாசித்த ஒரு கலைஞர், சில நிமிடப் பாட்டுக்குள் அடங்கிப்போனார். அவருடைய தனிக் கச்சேரிப் பதிவுகளைக் கேட்டவர்கள் ரொம்பக் கம்மி.

எப்போது மறைந்தார்?

படம் வந்து 2 வருஷம்தான். 1964-ல் அருணாசலம் காலமானார். வயது 43-ஐக்கூடத் தாண்டவில்லை. கோவில்பட்டியில் இன்றைக்கும் அவருக்குச் சிலை இருக்கு.

ஏன் இன்றும் பேசணும்?

கல்யாண மண்டபங்களில் நாதஸ்வரம் வாசிக்கும்போது நாம் பெரும்பாலும் பந்தியிலும் பேச்சிலும் மும்முரமாக இருப்போம். முகூர்த்த நேரத்துக் கெட்டிமேளம் மட்டும்தான் காதில் விழும். அந்த வாத்தியத்தை மக்கள் நின்று கேட்கவைத்தவர் அருணாசலம். அடுத்த தடவை 'சிங்கார வேலனே' கேட்கும்போது, குரலை விட்டுவிட்டு நாதஸ்வரத்தை மட்டும் கவனிச்சுப் பாருங்க. அந்தப் பாட்டில் இன்னொரு பாடகரும் இருப்பது புரியும்.